கிளச் எரிஞ்சா ஓட்டினவரிலதான் பிழையோ?

அக்காவின்ர ஸ்கூட்டிக்கு ஒரே வருசத்தில் இரண்டு தரம் கிளச் மாத்தினோம். இரண்டாவது தரம் மாத்தேக்க கராச்சில் சொன்ன காரணம் இது: "பொம்பிளையள் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டுதான் அக்ஸிலேற்றரை முறுக்குவினம். அதுதான் எரியுது." அக்கா ஒண்டும் கதைக்கேல்லை. காசைக் குடுத்திட்டு வந்திட்டா. அதுக்குப் பிறகு ஒரு கிழமை ஸ்கூட்டியைத் தொடாமல் பஸ்ஸில் வேலைக்குப் போனா.

மூண்டாவது தரம் அதே எரிஞ்ச மணம் வந்தபோது நாங்கள் கராச்சுக்குப் போகேல்லை. ஸ்கூட்டியை நடு ஸ்ராண்டில் ஏத்தி, எஞ்சினை நிப்பாட்டி, பின் சில்லைக் கையால் சுத்திப் பார்த்தோம். சுத்தேல்லை. பிரேக் கையை ஒருத்தரும் பிடிக்கேல்லை, ஆனால் பிரேக் பிடிச்சபடிதான் இருந்தது. சில்லைக் கழட்டிப் பார்த்தால், பிரேக் சூவை விரிக்கிற கேம் மண்ணும் கறளும் சேர்ந்து இறுகிப்போய்க் கிடக்குது. பளைப் பக்கத்து மணல் ஒழுங்கையளில் ஓடுற வண்டிக்கு இது அதிசயமில்லை. சாண்ட் பேப்பரால் தேய்ச்சு, கொஞ்சம் கிறீஸ் வைச்சு, கேபிள் நட்டைத் தளர்த்திப் பூட்டினோம். புதுசா வாங்கின சாமான் ஒண்டுமில்லை.

அப்ப அந்த இரண்டு கிளச்சும் ஏன் எரிஞ்சது? அக்கா ஓடின விதத்தால் இல்லை. எரிஞ்ச சாமானை மாத்தினவை, அது ஏன் எரிஞ்சது எண்டு பாக்கேல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் ஒண்டை ஒத்துக்கொள்ள வேணும். பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு முறுக்கினால் கிளச் எரியும், அது உண்மை. கராச்சில் சொன்னது நடக்காத விசயமில்லை. ஆனால் நடக்கக்கூடியது வேற, நடந்தது வேற. இரண்டுக்கும் நடுவில் சில்லை ஒருக்காச் சுத்திப் பாக்கிற வேலை இருக்கு. அதைச் செய்யாமல் ஆளைப் பார்த்து முடிவெடுத்தால், அது பழுது பாக்கிறதில்லை, தீர்ப்புச் சொல்லுறது.

இனி கிளச்சுக்கு வருவம். ஸ்கூட்டியில், புல்லு வெட்டுற மெசினில், கோ-கார்ட்டில் இருக்கிறது எல்லாம் ஒரே குடும்பம். காலாலோ கையாலோ மிதிச்சுப் பிடிக்கிற கிளச் இல்லை. எஞ்சின் வேகமாச் சுத்தேக்க உள்ளுக்கு இருக்கிற சூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளியில் விரிஞ்சு, சுத்திவர இருக்கிற ட்ரம்மைப் பிடிக்கும். எஞ்சின் மெதுவானால் ஸ்பிரிங் சூக்களை உள்ளுக்கு இழுத்திடும். இவ்வளவுதான்.

இதை விளங்கிக்கொள்ள மிகவும் எளிய வண்டி கோ-கார்ட். இலங்கையில் கோ-கார்ட் பந்தயம் எண்டால் பண்டாரகமவைச் சொல்லுவினம், இந்தியாவில் கோயம்புத்தூர்ப் பக்கத்தைச் சொல்லுவினம். பளையில் அப்படி ஒரு ஓடுபாதை இல்லை. ஆனால் கோ-கார்ட் பணக்காரரின்ர விளையாட்டாப் பிறந்ததில்லை. 1956இல் அமெரிக்காவில், பந்தயக் கார் செய்யிற பட்டறையில் வேலை செய்த ஆர்ட் இங்கல்ஸ் எண்டவர், புல்லு வெட்டுற மெசினுக்கெண்டு செய்து மிஞ்சின எஞ்சினை ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டினார். முதல் கோ-கார்ட் அதுதான். இண்டைக்கும் சாதாரண கோ-கார்ட்டில் இருக்கிறது, எங்கட தோட்டங்களில் தண்ணி இறைக்கிற பம்பில் இருக்கிற அதே வகைச் சின்னப் பெற்றோல் எஞ்சின்தான்.

அந்த எஞ்சின் சும்மா நிக்கேக்க நிமிசத்துக்கு 1400 சுற்றளவில் ஓடும். கூடினது 3600. கிளச் பிடிக்கத் தொடங்குறது ஏறத்தாழ 1800க்கும் 2200க்கும் இடையில். இனி ஒரு சின்னக் கணக்கு. கிளச்சில் 10 பல், பின் அச்சில் 60 பல் எண்டு வைப்பம். எஞ்சின் ஆறு தரம் சுத்தினால் சில்லு ஒரு தரம் சுத்தும். 11 அங்குல ரயர் ஒருக்காச் சுத்தினால் 88 சென்ரிமீற்றர் போகும். அப்ப எஞ்சின் 2000இல் சுத்தேக்க வண்டியின்ர வேகம் மணிக்கு 17, 18 கிலோமீற்றர். அந்த வேகம் வரும்வரைக்கும் சூ ட்ரம்மில் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். வழுக்கினால் சூடு வரும்.

இப்ப "ஸ்பீட் காணாது" எண்டு ஒருத்தர் பின் பல்லை 30 ஆக்கிறார். அதே 2000 சுற்றுக்கு வண்டி இப்ப 35 கிலோமீற்றரில் போக வேணும். மணலில், மேட்டில், இரண்டு பேரை ஏத்திக்கொண்டு அந்த வேகத்தைத் தொடவே ஏலாது. அப்ப கிளச் முழுக்கப் பிடிக்கிறதே இல்லை, வழுக்கி வழுக்கியே எரியும். நீங்கள் எத்தனை புதுக் கிளச் வாங்கிப் பூட்டினாலும் எரியும். குற்றம் கிளச்சிலும் இல்லை, ஓட்டினவரிலும் இல்லை. பல்லின்ர கணக்கில் இருக்கு.

ஆகவே கழட்ட முதல் பாக்க வேண்டிய ஒழுங்கு ஒண்டு இருக்கு. காசு செலவில்லாததில் தொடங்கி, செலவு கூடினதுக்குப் போறது.

முதலில் எஞ்சினை நிப்பாட்டி, பிளக் மூடியைக் கழட்டி, பின் சில்லை நிலத்தில் இருந்து தூக்கிச் சுத்திப் பாருங்கோ. இறுக்கமெண்டால் பிரேக், பெயாரிங், செயின் மூண்டையும் பார்க்க வேணும். இரண்டாவது, செயின் நேரா ஓடுதா, கொஞ்சம் தளர்வு இருக்கா எண்டு பாருங்கோ. மூண்டாவது, எஞ்சினின்ர சும்மா ஓடுற வேகம். முறுக்காமலே வண்டி மெல்ல நகருதெண்டால் அந்த வேகம் கூடியிருக்கு, இல்லாட்டில் கிளச் ஸ்பிரிங் தளர்ந்திட்டுது அல்லது உடைஞ்சிட்டுது. தென்னந்தோட்டத்தில் புல்லு வெட்டுறவை இதைக் கட்டாயம் கவனிக்க வேணும். கையை விட்ட பிறகும் பிளேட் சுத்துதெண்டால் அது கால் போற விசயம், "பிறகு பாப்பம்" எண்டு விடக்கூடாது.

இவ்வளவும் சரியெண்டால்தான் கிளச்சைத் திறக்க வேணும். எஞ்சின் கத்துது, வண்டி போகேல்லை எண்டால் சூ தேய்ஞ்சிருக்கலாம், இல்லாட்டில் ட்ரம்மில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஸ்கூட்டியில் பெல்ற்றையும் சேர்த்துப் பாருங்கோ. ட்ரம் நீலமா மாறியிருந்தால், அந்த இரும்பு 300 பாகை அளவுக்குச் சூடு கண்டிருக்கு, நீண்ட நேரம் வழுக்கியிருக்கு எண்டு அர்த்தம். கோ-கார்ட் கிளச் கீச்சிட்டால் நடுவில் இருக்கிற புஷ் காய்ஞ்சிருக்கும். ஒரு துளி எண்ணெய் போதும். கூட விட்டால் அது சூவுக்குத் தெறிச்சு, ஒரு பிழையைத் திருத்தப்போய் இன்னொண்டை வாங்கினதா முடியும். தூசை வாயாலோ கொம்பிரசராலோ ஊதாதேங்கோ. பழைய சூக்களின்ர தூசு நெஞ்சுக்கு நல்லதில்லை. ஈரத்துணியால் துடையுங்கோ.

இதில் பெரிய படிப்பு ஒண்டும் இல்லை. அப்ப ஏன் கராச்சுகளில் இது நடக்கிறதில்லை? பாஸ்மாரை மட்டும் குற்றம் சொல்ல என்னால் ஏலாது. நாங்கள் சாமானுக்குக் காசு குடுப்பம், பூட்டுற கூலி குடுப்பம். ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து காரணத்தைக் கண்டுபிடிச்சு, நட்டைத் தளர்த்திவிட்டு ஆயிரம் ரூபா கேட்டால், "நட்டைத் திருப்பினதுக்கு ஆயிரமோ?" எண்டு சண்டைக்குப் போவம். மூளைக்குக் கூலி இல்லாத இடத்தில் சாமான்தான் விக்கும். அக்காவின்ர ஸ்கூட்டியில் நாங்கள் மிச்சம் பிடிச்சது ஒரு கிளச்சின்ர காசு. அதில் ஒரு பங்கை, காரணம் கண்டுபிடிக்கிற ஒரு அண்ணைக்குக் குடுக்க நாங்கள் பழக வேணும்.

எங்கட இடத்துக்கு இது இன்னும் அவசியம். 2020 மார்ச்சில் நிப்பாட்டின தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐஞ்சு வருசமும் பழைய வண்டியளை இழுத்துப் பறிச்சுத்தான் ஓடினோம். இப்பவும் புது வண்டியின்ர விலை எங்களில் கனபேருக்கு எட்டாது. அப்ப பழுது பாக்கிறது சின்ன வேலையில்லை. வேலைக்குப் போறதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுறதும், மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோறதும் அதில்தான் தங்கியிருக்கு.

ஒரு யோசனை சொல்லுறன். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியற் பீடமும் இருக்கு. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் இருந்து இருக்கு. இதெல்லாம் இருந்தும், சின்ன எஞ்சின் ஒண்டைத் தன்ர கையால் திறந்து பாக்கிற சந்தர்ப்பம் எங்கட வயசுப் பிள்ளையளில் எத்தனை பேருக்குக் கிடைக்குது? ஒரு பழைய பம்ப் எஞ்சின், வெல்டிங் செய்த ஒரு சட்டம், நாலு சில்லு. பளையில் ஒரு பள்ளிக்கூடமோ விளையாட்டுக் கழகமோ ஒரு கோ-கார்ட்டைச் செய்தால், அது பந்தயத்துக்கு இல்லாட்டிலும் பாடத்துக்கு உதவும். வேணுமெண்டே பிரேக்கை இறுக்கி வைச்சு, "ஏன் போகேல்லை, கண்டுபிடியுங்கோ" எண்டு விடலாம். பல்லை மாத்திக் கணக்குப் போடலாம். அந்த வகுப்பில் பெண் பிள்ளையள் பாதிப்பேர் இருக்க வேணும். ஸ்கூட்டி ஓடுறது அவையளும்தான், கராச்சில் பேச்சு வாங்குறதும் அவையள்தான்.

அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒண்டு இருக்கு. அடுத்த தரம் ஏதும் சாமான் மாத்தினால், கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கோ. "இது ஏன் பழுதானது? அதை எப்பிடிப் பார்த்தனீங்கள்?" எண்டு மரியாதையாக் கேளுங்கோ. நல்ல மெக்கானிக் கோவிக்கமாட்டார், சந்தோசமாச் சொல்லுவார். அவருக்குக் கேட்ட கூலியைக் குடுங்கோ.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, ஸ்கூட்டியில் எரிஞ்ச மணம் வருது எண்டு வந்து நிண்டாள். "நான் பிழையா ஓடுறனோ தெரியேல்லை அக்கா" எண்டாள். அக்கா அதுக்குப் பதில் சொல்லேல்லை. "முதல் ஸ்ராண்டில ஏத்து, சில்லைச் சுத்திப் பாப்பம்" எண்டா.