மாடித்தோட்டம்: செம்பருத்தி இலை சுருண்டால்... வைரஸா, மாவுப்பூச்சியா?

சாமிக்குப் பூ, தலைக்குத் தேய்க்க இலை, எண்ணெய் காய்ச்ச மொட்டு... ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றாலும் பல வீடுகளில் அங்கே செம்பருத்திதான் நிற்கும். அதன் இலை திடீரென மஞ்சளாகிச் சுருண்டால், சிலர் உரக்கடைக்கு ஓடி ஏதோ ஒரு மருந்தை வாங்கி அடிக்கிறார்கள். சிலர் ‘வைரஸ் வந்துடுச்சு’ என்று நல்ல செடியையே பிடுங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் 5 நிமிடம் இலையை உற்றுப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

நரம்பைப் பாருங்கள்

இளம் இலையில் நரம்புகள் பச்சையாகவும், இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. போர் தண்ணீர் ஊற்றி மண்ணில் காரத்தன்மை ஏறிய தொட்டிகளில் இதைப் பார்க்கலாம். அடி இலைகள் மட்டும் சீராக மஞ்சளாகி உதிர்ந்தால், தழைச்சத்துக் குறைவாகவோ, தொட்டியில் தண்ணீர் தேங்குவதாகவோ இருக்கலாம். இவை எதுவும் பக்கத்துச் செடிக்குத் தொற்றாது.

இதற்கு நேர்மாறாக, இலை பச்சையாக இருந்து நரம்புகள் மட்டும் மஞ்சளானால் வைரஸைச் சந்தேகிக்கலாம். இலையைத் திருப்புங்கள். நரம்புகள் தடித்து, அடிப்புறத்தில் குட்டி இலை போலப் புடைப்புகள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பருத்தி இலைச்சுருட்டு வைரஸ் செம்பருத்தியில் காட்டும் அடையாளங்கள் இவை. இதைப் பரப்புவது வெள்ளை ஈ.

இலையில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகளும் வளையங்களும் தெரிந்தால், அது செம்பருத்தி வளையப்புள்ளி வைரஸாக இருக்கலாம். இது பரவப் பூச்சி தேவையில்லை. நோயுள்ள செடியை வெட்டிய கத்தரிக்கோலும், அதிலிருந்து நட்ட குச்சியுமே போதும்.

ஏமாற்றும் மாவுப்பூச்சி

நுனி இலைகள் கசங்கி, முறுக்கிக்கொண்டு கொத்தாக நின்றால் பலரும் வைரஸ் என்று பயப்படுகிறார்கள். உள்ளே வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அந்த நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் வரும் துளிர் நன்றாக இருந்தால் கவலையில்லை. பூச்சி போன பிறகும் துளிர்க்கும் இலையெல்லாம் கோணலாகவே வந்தால்தான் வைரஸை யோசிக்க வேண்டும்.

கண்ணால் பார்த்து வைரஸை உறுதிசெய்ய முடியாது. எலிசா, பி.சி.ஆர் போன்ற ஆய்வகச் சோதனைகள்தான் உறுதியாகச் சொல்லும். ஒரு தொட்டிக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. செடி விற்பவர்கள், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்பது நல்லது.

வைரஸ்தான் என்றால்?

குணப்படுத்த மருந்து கிடையாது. கடையில் என்ன சொல்லிக் கொடுத்தாலும் அது பூச்சியைத்தான் கொல்லும், வைரஸை அல்ல. பாதிப்பு லேசாக இருந்தால் செடி தொடர்ந்து பூக்கலாம். ஆனால், வெண்டையும் செம்பருத்தியின் குடும்பம்தான். இலைச்சுருட்டு வைரஸ் அதையும் தாக்கும். எனவே, பக்கத்தில் வெண்டைத் தொட்டி இருந்தால் யோசிக்காமல் செடியை எடுத்துவிடுங்கள். முதலில் வேப்பெண்ணெய் தெளித்து வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்திவிட்டு, செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள். கத்தரிக்கோலை 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர் கலவையில் நனைத்துக் கழுவிய பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

‘ஒரு குச்சி குடுங்களேன்’ என்று பக்கத்து வீட்டில் கேட்டால், சந்தேகமுள்ள செடியிலிருந்து ஒடித்துக் கொடுக்காதீர்கள். குச்சியோடு நோயும் சேர்ந்தே போகும். நர்சரியில் புதுச்செடி வாங்கும்போதும் பூவை மட்டும் பார்க்காமல், நாலு இலையையாவது திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.