பேயின் மேல் பழி! பெண்ணின் மேல் அடி!

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு அந்தப் பெயர் வந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நிறைமாதக் கர்ப்பிணி ரத்தினாவதி; காவிரியில் வெள்ளம்; அக்கரையில் தவித்து நிற்கும் தாய். ஈசனே தாயாக உருவெடுத்து வந்து பிரசவம் பார்த்தாராம். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நாம் நம்புகிறவர்களல்ல. ஆனால் அந்தக் கதையைக் கட்டிய ஜனங்களின் மனதைப் பாருங்கள்! வலியில் துடிக்கும் ஒரு பெண்ணுக்குத் துணை நிற்கத்தான் அவர்கள் அற்புதத்தைக் கூப்பிட்டார்கள்.

இன்று டெலிவிஷன் முதலாளிகளும் அற்புதம் காட்டுகிறார்கள். யாருக்குத் துணையாக?

2015ல் ஏக்தா கபூரின் கம்பெனி இந்தியில் 'நாகின்' தொடரைத் தொடங்கியது. 2016ல் சன் டி.வி. அதைத் தமிழ் பேசவைத்து 'நாகினி' என்று விற்றது. 2017ல் சுந்தர் சி.யின் 'நந்தினி' வந்தது. பாம்புப் பெண் புதுச் சரக்கல்ல, 1979ல் 'நீயா?' படத்திலேயே படமெடுத்தவள்தான். ஆனால் சினிமா ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடும். இதுவோ மாதக் கணக்கில், வேலை முடிந்து நாம் உட்காரும் நேரம் பார்த்து, நடுவீட்டுக்கே வருகிறது. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போங்கள். வீட்டு அம்மாள் சோபாவிலும், பாத்திரம் தேய்த்த பெண் தரையிலுமாக ஒரே தொடரைப் பார்ப்பார்கள். சமத்துவம் அந்த அளவுக்கு வந்திருக்கிறது!

'நாகினி' கதை என்ன? பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்க, சிவன்யா என்ற நாகப்பெண் எதிரி வீட்டுப் பிள்ளை ரித்திக்கை மணக்கிறாள். கல்யாண நாள் முதல் பொய். இன்னொரு நாகப்பெண் சேஷா, சிவன்யாவின் உருவத்தையே எடுத்துக்கொண்டு அவனிடம் போய் நிற்கிறாள். ஆள் மாறாட்டம் செய்து ஒருவனை ஏய்ப்பதற்கு நம் ஊரில் பெயர் மோசடி. திரையில் அதற்குப் பெயர் காதல்!

பெண் செய்தால் இப்படி; ஆண் செய்தால்? இந்த ரகத் தொடர்களில் அவன் பின்னாலேயே வருவான், மிரட்டுவான், கையை முறுக்குவான், அறைவான். மறுவாரம் சங்கதி தெரியும்: அவன் மேல் ஆவி இருந்ததாம்! முன்ஜென்ம சாபமாம்! ஆவி இறங்கியதும் அவன் பத்தரைமாற்றுத் தங்கம். அடிவாங்கியவள் அவன் மார்பில் சாய்ந்து அழுவாள். குற்றவாளி புகையாகப் போய்விட்டது.

நாம் கேட்கிறோம்: ஆவி ஏறியவன் மில் மேஸ்திரியை அறைந்ததாக என்றைக்காவது கேள்விப்பட்டதுண்டா? பண்ணையாரை? ஆவிக்குக்கூட ஆள் பார்த்து அடிக்கத் தெரிந்திருக்கிறதே! 'குடிவெறியில் கை நீண்டுவிட்டது' என்று சாக்குச் சொல்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். அப்படிச் சொல்கிறவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள், மறைப்பானேன்?

2019-21ல் மத்திய அரசு எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் கொடுமைக்கு ஆளானவர்கள். கன்னம் வீங்கி நடவுக்கு வருகிறவளிடம் 'ஏதோ காத்துக் கருப்பு, மந்திரித்துக் கயிறு கட்டு' என்று சொல்லும் வாய்கள் ஏற்கெனவே உண்டு. தொடர் அந்த வாய்களுக்குத் தீனி போடுகிறது.

'நாகினி தைரியசாலி அல்லவா?' என்று தோழிகள் சிலர் கேட்கிறார்கள். தைரியசாலிதான், பாம்பாக இருக்கும்வரை! மனுஷியாக நின்று 'என்னை அடிக்காதே' என்று சொல்லி ஜெயிக்கிறவளை அதில் தேடுங்கள். லால்குடி வயலில் நாற்று நடுகிறவளுக்குப் படமெடுக்கத் தெரியாதே, அவள் என்ன செய்வாள்?

அவளுக்குச் சட்டம் இருக்கிறது. 2005ல் இயற்றி 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிக்கிறவனைத் தடுத்து நிறுத்த மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அவள் குடியிருக்கும் வீட்டைவிட்டு அவளைத் துரத்தவும் முடியாது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அதிகாரி உண்டு. 181 என்ற போன் நம்பர் உண்டு. மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்று 1994ஆம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகளும் சொல்கின்றன. ஆனால் சினிமாவுக்குள்ள முன்தணிக்கை தொடர்களுக்கு இல்லை. விதி ஏட்டோடு நிற்கிறது, சோப்பு விளம்பரம் ஓடுகிறது.

திரையில் ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் அடியில் எச்சரிக்கை வருகிறது. அது சட்டம், சரி. சேனல்காரர்களே, ஒருவன் மனைவியை அறையும்போது அந்த 181ஐ எத்தனை நாள் அங்கே போட்டீர்கள்?