நாதனார் கோவில்

திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தின் அருகே, பழைய பௌத்தப் பள்ளியொன்று சிதைந்து கிடக்கிறது. வெல்கம் விகாரை என்பது அதன் பெயர். அயலிலுள்ள தமிழர் அதனை நாதனார் கோவில் என்றே வழங்கிவந்தனர். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களோ அதனை இராசராசப் பெரும்பள்ளி என்கின்றன.

இம் மூன்று பெயர்களையும் ஒருங்கே கேட்க இரு சாராருக்கு மனமில்லை. பௌத்த இடிபாடு கண்ட இடமெல்லாம் சிங்கள நிலம் என்போர் ஒரு சாரார். மண்ணிலிருந்து புத்தர் சிலை வெளிப்பட்டால், அதனைத் தமக்கெதிரான சாட்சியமென அஞ்சி வாய்மூடும் நம்மவர் மறு சாரார். மதமும் இனமும் ஒன்றே என்னும் பொய்யில் இருவரும் உடன்பிறந்தோரே.

சாசனங்கள் கூறுவது யாது? தமிழ்ப் பெயர் தாங்கியோர் இப்பள்ளிக்குப் பசுக்களையும் நந்தா விளக்குகளையும் ஈந்தனர். ஒருவர் ஈந்த பசுக்கள் மட்டும் 84. ஈந்தோர் புத்தரை வணங்கினர், தமிழில் எழுதினர். இதில் அவர்கள் எவ்வித முரண்பாட்டையும் கண்டிலர்.

ஆயினும், சோழப் பெருமை பாடுவோருடன் நாம் சேர்ந்து பாட முடியாது. 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சென்றதும், விகாரைகளைக் கொள்ளையிட்டதாகச் சூளவம்சம் பழிப்பதும் இதே சோழப் படையைத்தான். நாகபட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்ததில் கடல் வாணிபத்தின் கணக்கும் இருந்தது. அரசர்களின் சமயப் பொறை பெரும்பாலும் அத்தகையதே. கொடுத்தவர் பெயர் கல்லில் நிலைத்தது. அப்பசுக்களை மேய்த்து, நாள்தோறும் விளக்குக்கு நெய் அளந்த இடையரை யார் நினைத்தார்?

சோழர் ஆட்சியை 1070இல் முடித்த முதலாம் விசயபாகு புதுப்பித்த விகாரைகளுள் வெல்கமும் ஒன்று. சோழன் பெயர் தாங்கியதென்று அவன் அதனை இடித்தானல்லன். அந்த மன்னனுக்கிருந்த நிதானம் நமது குடியரசுக்கு இல்லாமற் போயிற்று. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. தலைவர், பாதுகாப்புச் செயலாளர். மூவினத்தாரும் வாழும் மாகாணத்துக்கான அக்குழுவின் முதற் பட்டியலில் தமிழர் ஒருவரில்லை, முஸ்லிம் ஒருவரில்லை. படையதிகாரிகள் இருந்தனர், பிக்குகள் இருந்தனர். நாம் வினவுகிறோம்: பெரியகுளத்துக் கல்லை அவர்களுள் எவர் வாசித்திருப்பார்?

நமது ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கவேண்டியுள்ளது. கோணேசர் கோவிலுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் நீங்கள், அதே பயணத்தில் இங்கும் ஒருநாள் வண்டியை நிறுத்தினாலென்ன?