நற்செய்தி எட்டாதவர்கள் யார்?

தமிழகக் கிறித்தவ ஊழியக் கூட்டங்களில் தவறாமல் ஒலிக்கும் சொற்றொடர் 'சந்திக்கப்படாத மக்கள்'. நற்செய்தி இன்னும் சென்று சேராத சமூகங்களுக்கு அதைக் கொண்டு செல்வது ஒவ்வொரு விசுவாசியின் கடமை என்று அங்கே போதிக்கப்படுகிறது. மத்தேயு நற்செய்தியின் இறுதியில் வரும் 'பிரதான கட்டளை' இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அதே வேளையில், பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. ஒரு தரப்புக்குக் கடமையாகத் தோன்றும் செயல் மறுதரப்புக்குக் குற்றமாகத் தோன்றுகிறது. இவ்விரு தரப்பின் பட்டியல்களிலும் முதலிடத்தில் வைக்கப்படுபவர்கள் தலித்துகளும் பழங்குடியினருமே. ஆயினும் இவ்விவாதத்தில் அவர்களுடைய விருப்பமும் விவேகமும் கணக்கில் கொள்ளப்படுவதே இல்லை. இந்தக் கோணத்திலிருந்தே இச்சிக்கலை நாம் அணுக வேண்டியுள்ளது.

'பரப்புதல்' என்னும் சொல்

அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது கூறு, மனச்சான்றுச் சுதந்திரத்தையும், ஒரு மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவுமான உரிமையையும் அனைவருக்கும் வழங்குகிறது. 'பரப்புதல்' என்ற சொல்லை நீக்க வேண்டும் என 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடுமையான வாதம் எழுந்தது. ஒரிசாவைச் சேர்ந்த லோகநாத் மிஸ்ரா அதை எதிர்த்தார். சென்னையிலிருந்து சென்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் பல்லாண்டுகள் கிறித்தவக் கல்வி நிலையங்களில் பயின்றும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று எடுத்துக்காட்டி அச்சொல்லை ஆதரித்தார். கே.எம். முன்ஷியும் ஆதரித்தார். சொல் நிலைத்தது.

ஆனால் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அச்சொல்லின் பொருளைச் சுருக்கியது. ஒருவர் தம் மதக் கோட்பாடுகளை எடுத்துரைக்கலாம். பிறரை மதம் மாற்றுவதற்கு உரிமை கிடையாது என்றது அத்தீர்ப்பு. ஒரிசாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டமும் மத்தியப் பிரதேசத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லும் என்றானது. கேட்பவர் தாமே சிந்தித்து மதம் மாறும் உரிமை எங்கே நிற்கிறது என்ற வினாவுக்கு அத்தீர்ப்பில் நிறைவான விடை இல்லை. பேசுபவரின் உரிமையைப் பற்றியே நீதிமன்றம் பேசியது. கேட்பவரின் உரிமை அதன் நிழலில் மறைந்துபோனது. பின்னர் வந்த சட்டங்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் கட்டப்பட்டன.

தலித்தின் மனச்சான்றுக்கு ஒரு காவலர்

2002இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த தமிழ்நாடு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை நினைவுகூர்வோம். கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை. மாறியவர் பெண்ணாகவோ, சிறுவராகவோ, பட்டியல் சாதியினராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு வரை சிறை. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அச்சட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதன் வார்ப்பு மறையவில்லை. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வரிசையைப் பின்பற்றுகிறது. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தில் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

பெண், குழந்தை, தலித், பழங்குடி என்ற இவ்வரிசை நம் கவனத்திற்குரியது. வயது வந்த ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினராகலாம், நீதிபதியாகலாம், குடியரசுத் தலைவராகலாம். கடவுளைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அவர் குழந்தைக்கு நிகராக வைக்கப்படுகிறார். இது புதிய சிந்தனையன்று. 1936இல் ஜான் மோட் என்ற மிஷன் தலைவருடன் நிகழ்த்திய உரையாடலில், தீண்டப்படாதோரிடம் நற்செய்தி அறிவிப்பதைப் பசுவிடம் அறிவிப்பதற்கு ஒப்பிட்டார் காந்தி. அதற்கு முந்தைய ஆண்டுதான், இந்துவாகச் சாகமாட்டேன் என்று யேவலாவில் அம்பேத்கர் அறிவித்திருந்தார். தீண்டப்படாதோர் சிந்திக்க இயலாதவர்கள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்க, இன்னொருவர் இருபதாண்டுக் காலம் மதங்களை ஆராய்ந்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார்.

உத்தரப் பிரதேசச் சட்டம் 'ஆசை காட்டுதல்' என்பதற்குத் தரும் விளக்கத்தையும் காண வேண்டும். மத நிறுவனம் நடத்தும் நற்பெயர் பெற்ற பள்ளியில் இலவசக் கல்வியும், மேம்பட்ட வாழ்க்கை முறையும் அதனுள் அடங்கும். சேரியில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியும், பெயர் சொல்லி அழைக்கப்படும் மரியாதையும் கிடைப்பது ஆசை காட்டுதலாகிறது. அவற்றை அந்தப் பிள்ளைக்கு மறுத்து வந்த ஊரின் செயலுக்கு இச்சட்டத்தில் பெயரே இல்லை. மதம் மாற விரும்புபவர் அறுபது நாட்களுக்கு முன் மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். பிறகு அவ்விவரங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்தப் பலகை எத்தகைய அச்சுறுத்தல் என்பதை விளக்கத் தேவையில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இத்தகைய முன்னறிவிப்பு விதியை, தனியுரிமைக்கும் மனச்சான்றுக்கும் எதிரானது எனக் கூறி அம்மாநில உயர் நீதிமன்றம் 2012இல் நீக்கியது. அத்தீர்ப்பின் தர்க்கம் பிற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

அரசே காட்டும் ஆசை

இதே சட்டம், முந்தைய மதத்திற்குத் திரும்புவதை மதமாற்றமாகக் கருதுவதில்லை. இத்துடன் 1950ஆம் ஆண்டு அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்து மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர் என்று தொடங்கிய அந்தப் பத்தியில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். திரும்பி வந்தால் பட்டியல் சாதித் தகுதி மீளக் கிடைக்கும் என்பதை 1984 முதல் 2015 வரையிலான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உறுதிசெய்துள்ளன. சமூகம் ஏற்றுக்கொண்டதைக் காட்டினால் போதும்.

வேலையும் கல்வியும் பொருட்பயனும் காட்டி மதத்தை மாற்றச் செய்வது ஆசை காட்டுதல் என்றால், இட ஒதுக்கீட்டையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் காட்டி ஒருவரை ஒரு மதத்திலேயே இருத்தி வைப்பதும் அதே வரையறைக்குள் வரும். இந்நாட்டில் தலித்துகளுக்கு மதம் சார்ந்து பொருட்பயன் காட்டும் மிகப் பெரிய நிறுவனம் அந்த மூன்றாம் பத்திதான்.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறித்தவர், இந்துத் தொழிலாளருக்குத் தரப்பட்ட இலவசக் கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையில் இழிவு தொடர்வதை நிறுவும் சான்று இல்லை என்று 1985இல் அவர் மனு தள்ளுபடியானது. அதன் பின், மதத்தைத் தொடர்பறுக்கப் பரிந்துரைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை 2007இல் வந்தது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறித்தவ மதத்தைப் பின்பற்றும் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் அளிக்க இயலாது என்று கூறியது. தாக்குபவர் சாதி பார்த்துத் தாக்குகிறார். சட்டம் மதம் பார்த்துக் கைவிடுகிறது.

சாதியைப் பாதையாக்கிய கோட்பாடு

நற்செய்தி அறிவிக்கும் உரிமைக்காக நாம் வாதிடுகிறோம். அவ்வுரிமையைக் கையில் வைத்திருப்பவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

'சந்திக்கப்படாத மக்கள்' என்ற கருத்தாக்கம் 1974இல் லொசானில் நடந்த உலக சுவிசேஷ மாநாட்டுக்குப் பின் வலுப்பெற்றது. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் தமோவில் 1897இல் பிறந்த டொனால்டு மெக்காவ்ரன். இன, மொழி, வர்க்க எல்லைகளைத் தாண்டாமலேயே கிறித்தவராக மக்கள் விரும்புகின்றனர் என்பது அவர் இந்திய அனுபவத்திலிருந்து பெற்ற முடிவு. இதன்படி ஒவ்வொரு சாதியும் ஒரு தனி 'மக்கள் குழு' ஆனது. ஜோஷுவா புராஜெக்ட் போன்ற அமைப்புகள் இந்தியச் சாதிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, எது எட்டப்பட்டது, எது எட்டப்படவில்லை என்று விழுக்காட்டில் அளக்கின்றன.

இதன் விளைவு தெளிவானது. சாதி எல்லை உடைக்கப்பட வேண்டிய சுவராகக் கருதப்படாமல், நற்செய்தி ஓடும் வாய்க்காலாகக் கருதப்பட்டது. சாதியைத் தாண்டத் தேவையில்லாத விசுவாசம் சாதியைத் தாண்டாத திருச்சபையையே பெற்றெடுக்கும். இதற்கும் நீண்ட முன்வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி உயர்சாதியினரை ஈர்க்கத் துறவிக்கோலம் பூண்டார். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கெனப் 'பண்டாரச்சாமிகள்' பின்னர் தனியே அமர்த்தப்பட்டனர். சீர்திருத்தத் திருச்சபைகளில் தனித்தனி இருக்கைகள் நீடித்தன. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் வெள்ளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினர்.

செய்தியைச் சுமந்தவர்கள்

நற்செய்தியை மேலிருந்து கீழே வழங்கப்பட்ட கொடையாகச் சொல்லும் வரலாறு முழுமையற்றது. குமரி மாவட்டம் மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் சமூகத்தவரான மகாராசன் வேதமாணிக்கம், சிதம்பரம் யாத்திரையின்போது தஞ்சையில் கிறித்தவத்தை அறிந்தார். ஊர் திரும்பித் தம் மக்களுக்கு அறிவித்தார். அவர் அழைத்த பின்னரே 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி திருவிதாங்கூருக்கு வந்தார். பஞ்சாபின் சியால்கோட்டில் 1873இல் ஞானஸ்நானம் பெற்ற தித் என்ற தோல் வணிகர், மிஷன் வளாகத்தில் தங்க மறுத்துத் தம் ஊருக்கே திரும்பினார். அவர் தொடங்கிய இயக்கத்தில் அடுத்த நாற்பதாண்டுகளில் அம்மாவட்டச் சூரா சமூகத்தின் பெரும்பகுதி இணைந்தது. மிஷனரிகள் பின்னால் ஓடி வந்தனர்.

சபை தங்களை ஏமாற்றியபோது வெளியேறும் துணிவும் அவர்களுக்கு இருந்தது. கேரளத்தின் பொய்கையில் யோகன்னான், சபைக்குள் சாதி நிலவுவதைக் கண்டு வெளியேறி, 1909இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். ஏற்பதும் மறுப்பதும் தங்கள் கையில் என்று இவர்கள் காட்டினர். பட்டியலில் காத்திருக்கும் 'இலக்கு'களாக இவர்களை எழுதுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

எட்டாத இடம்

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 44 இலட்சம் கிறித்தவர் உள்ளனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர், பல போராட்டங்களுக்குப் பின்னும் சாதிக் கிறித்தவத்தின் அடையாளமாக நிற்கிறது. எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டபோது, 2008 மார்ச்சில் அவர்கள் மீது வன்னியக் கிறித்தவர் தாக்குதல் நடத்தினர்; காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் தலித் கர்தினால் 2022இல்தான் உயர்த்தப்பட்டார்.

எந்தச் செய்தியும் சென்று சேர்ந்ததா என்பதை, கேட்டவர் எப்படி நடக்கிறார் என்பதைக் கொண்டே அளக்க முடியும். அவ்வளவுகோலின்படி, சுவர் எழுப்பியவர்களும் அதைக் காத்து நிற்பவர்களும் எத்தனை தலைமுறை ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் நற்செய்தி எட்டாத மக்களே. வட மாநிலக் கிராமங்களுக்கு ஊழியர்களை அனுப்பும் தமிழகச் சபைகள், தம் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, மிஷன் அமைப்புகளும் மறைமாவட்டங்களும் தம் நிர்வாகக் குழு, கல்வி நிறுவனப் பணியிடம் ஆகியவற்றின் சாதிவாரி விவரங்களை வெளியிட வேண்டும். தனிக் கல்லறை, தனித் தேர்ப்பவனி, தனி இருக்கை நிலவும் சபைகளுக்கு நிதியும் அங்கீகாரமும் நிறுத்தப்பட வேண்டும். இது எந்த நீதிமன்ற ஆணைக்கும் காத்திருக்க வேண்டிய செயலன்று.

இரண்டாவதாக, மதமாற்றத் தடைச் சட்டங்களில் சிக்கும் சிற்றூர் ஊழியர்களுக்கும் மதம் மாறியவர்களுக்கும் சட்ட உதவி வேண்டும். வழக்குரைஞர்களும் சட்ட மாணவர்களும் கேட்பவரின் மனச்சான்று உரிமையை முன்னிறுத்தி வாதிட வேண்டும். 1977 தீர்ப்பின் மறுபரிசீலனை அங்கிருந்தே தொடங்க முடியும்.

மூன்றாவதாக, மூன்றாம் பத்திக்கு எதிரான போராட்டத்தைத் தலித் கிறித்தவர் தனியே நடத்தலாகாது. தலித் இசுலாமியருடன் இணைந்து நிற்பதே நேர்மை. இருக்கும் ஒதுக்கீடு பங்கு போடப்படும் என்ற பிற தலித்துகளின் அச்சம் பொய்யானதன்று. தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள்ளேயே புதியவர்களைச் சேர்ப்பது, ஏழைகளை ஏழைகளோடு மோத விடுவதாகும். மதம் மாறிய ஆதிதிராவிடர் இங்கே இப்போது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். மக்கள்தொகைக்கு ஏற்ப அந்தப் பங்கை அவர்களோடு நகர்த்தி, ஒதுக்கீட்டின் அளவை உயர்த்துவதே கோரிக்கையாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பை விரிவாக்குவதால் எவர் பங்கும் குறையாது. அதை உடனே செய்யலாம்.

நற்செய்தி அறிவிப்பது கடமை என்று நம்புவோர் அதைச் சுதந்திரமாக அறிவிக்கட்டும். அதற்கான உரிமையை நாம் காப்போம். கேட்பவர் ஏற்கலாம், மறுக்கலாம், வாதிடலாம், பிறகு வெளியேறலாம். அந்த நான்கு உரிமைகளையும் தலித்துக்கு மறுக்கும் சட்டமும் சரி, ஏற்ற பின் அவரைச் சுவருக்கு அப்பால் புதைக்கும் சபையும் சரி, ஒரே சாதி ஒழுங்கின் இரு காவலர்களே. இரண்டையும் ஒருசேர எதிர்கொள்வதே நம் முன்னுள்ள பணி.