சூட்டுக்கு ஒரு வாசல் விடுங்கள்



வுச்சீரியாவின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் பழைய ஃபியற் கார்களைக் காணாத நாளில்லை. எங்கட பொடியளும் சிலர் பழைய காரை மலிவாக வாங்கிப் பெரிய எஞ்சின் பூட்டி ஓடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மொன்தே பெல்லெகிரீனோ மலைக்கு, சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் புறப்படுகிறார்கள். அரைவாசி ஏற்றத்தில் தண்ணி கொதித்துவிடுகிறது. அதனால் இம்முறை காரின் சூடு பற்றி எழுதுகிறேன்.

நான் சாதாரணதரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு நிற்பதால் ஒன்று தெரியும். பலம் கூடினால் சூடும் கூடும். பெற்றோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமக்க வேண்டும்.

இந்த நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1955 இல் வந்த ஃபியற் 600 காரின் எஞ்சின் 633 கன சென்ரிமீற்றர், பலம் சுமார் 21 குதிரைவலு. 1949 இல் கார்லோ அபார்த் தொடங்கிய நிறுவனம் 1960களில் அந்தக் காரை 847 கன சென்ரிமீற்றராக்கி 52 குதிரைவலு எடுத்தது. கணக்குப் பாருங்கள். முழுப் பலத்தில் ஓடும்போது, சில்லுக்குப் போகும் அளவு சூடு தண்ணீருக்கும் போகிறது என்று வைத்தால், முதற் காரின் தண்ணீருக்குள் 2,000 வாற் மின்கேத்தல் எட்டு வேலை செய்கிறது. இரண்டாவதில் பத்தொன்பது! பழைய றேடியேற்றர் இதைத் தாங்குமா?

600 இல் எஞ்சினும் றேடியேற்றரும் பின்னுக்கு இருந்தன. அபார்த்தின் பந்தயக் கார்களில் றேடியேற்றரை முன்னுக்குக் கொண்டுவந்து காற்று நேரே படவைத்தார்கள். பின்மூடியைத் தாங்கி கொடுத்துத் திறந்தபடியே விட்டார்கள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். உண்மையில் சூடான காற்று வெளியேறும் வாசல் அது. எங்கட பொடியள் பெரிய றேடியேற்றர் பூட்டுகிறார்கள், ஆனால் வாசலை மறந்துவிடுகிறார்கள். ஒரு பக்க யன்னல் மட்டும் திறந்த குசினிக்குள் காற்று ஓடாது. காருக்கும் அதே நியாயந்தான்.

எங்கட ஊரிலும் ஒரு பாடம் உண்டு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதபோது, எங்கட அப்பாமார் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஆகவே கொஞ்சப் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின்னர்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அங்கே சூட்டைத் தேடினார்கள், இங்கே நாம் சூட்டைக் கலைக்கிறோம். எஞ்சினுக்கு அளவான சூடு வேண்டும் என்பதுதான் இரண்டிலும் உள்ள உண்மை. கொதிக்கிறது என்று தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவது மருந்தல்ல. குளிரில் ஓடும் எஞ்சின் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிவரும்.

செய்யவேண்டியவை இவைதான். புதிய எஞ்சினின் பலத்திற்குப் பொருத்தமான றேடியேற்றர் எடுங்கள். அதன் ஓரத்து இடைவெளிகளை அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியால் நழுவிவிடும். விசிறியைச் சுற்றி வளையக்கூடு பூட்டுங்கள். மலையில் கார் மெதுவாகப் போகும்போது விசிறி ஒன்றுதான் துணை. வெறும் குழாய்த் தண்ணீர் விடாமல், துருப்பிடிக்காத குளிர்நீர்த் திரவம் விடுங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். 2021 ஆகஸ்ட் 11 இல் சிசிலியின் சிராக்கூசாப் பக்கம் 48.8 பாகை பதிவானது. தண்ணீர் 90 பாகையில் இருக்க, வெளிக்காற்று 25 ஆனால் வித்தியாசம் 65. காற்று 48 ஆனால் வித்தியாசம் 42 தான். அதே றேடியேற்றர் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. கார் கொதித்து நின்றால் பிள்ளைகளை இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். மூடியை யாரும் உடனே திறக்க விடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் பாயும். கை வைக்கக்கூடிய அளவு ஆறும்வரை பொறுத்திருங்கள்.

கடைசியாக, எஞ்சினை மாற்றினால் மொத்தோரித்சாசியோனேயில் காரைக் காட்டிப் பத்திரத்தில் பதியவேண்டும். வீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பதியாமல் பிடிபட்டால் தண்டப்பணமும் உண்டு, பத்திரமும் பறிபோகும். மாதம் முழுக்க முறிந்து உழைத்த காசை அதற்குக் கொடுக்கலாமா? காருக்குப் பலம் ஏற்றும் தம்பிமாரே, முதலில் சூட்டுக்கு வழி பாருங்கள், பிறகு பலத்தை ஏற்றுங்கள். பின்சீற்றில் இருப்பது உங்கட குடும்பம்.