வெறும் ஸ்பேஸ்தானே?

செம்பொன்பதின்றொடி. எழுத்ததிகாரம் படித்தோர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஓரிடத்தில் பிரித்தால் செம்பொன் பத்துத் தொடி. வேறிடத்தில் பிரித்தால் செம்பு ஒன்பது தொடி. பொன் செம்பாவதற்கு ஓரெழுத்தும் மாற வேண்டியதில்லை, பிரிக்கும் இடம் மாறினால் போதும். இதை வகுப்பில் வியந்து கற்பிக்கும் நாமே, நிரல் என்று வந்தவுடன் "வெறும் ஸ்பேஸ்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறோம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டு மாடிக்கு ஞாயிறு மாலைகளில் இளங்கலை மாணவர் நால்வர் பைத்தான் படிக்க வருகின்றனர். அவர்களுள் ஒருத்தி தன் துறை வழங்கிய எடுத்துக்காட்டு நிரலோடு வந்தாள். வங்கிக் கணக்கை விளக்கும் இனக்குழு. ('கிளாஸ்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் தந்த சொல் இது, மானிடவியலார் பொறுத்தருள்க.) பணம் செலுத்தும் செயற்கூறு நான்கு இடைவெளிகளால் உள்தள்ளப்பட்டிருந்தது, பணம் எடுக்கும் செயற்கூறு ஒரு டேப்பால். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. பைத்தான் 3 இக்கலப்பை ஏற்பதில்லை. 'டேப்எரர்' என்று நின்றுவிடும். அவளோ இரண்டு நாட்களாக 'செல்ஃப்' என்பதைத் தான் புரிந்துகொள்ளவில்லை என்றே நம்பியிருந்தாள். பொருள்நோக்கு நிரலாக்கம் தனக்கு வராது என்ற முடிவுக்கும் ஏறத்தாழ வந்துவிட்டாள்.

பிழையை அறிந்தபின் பதினொரு வரிகளைச் சீர்செய்து, கிட்ஹப்பில் துறைக் களஞ்சியத்துக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினாள். டி-ஷர்ட்டுக்காகவா என்று ஒருவரிக் கேள்வியோடு அது மூடப்பட்டது.

அக்கேள்வியின் வரலாறு நமக்குத் தெரியும். 2020 அக்டோபரில், ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்ற நிலையில், இந்திய யூடியூப் காணொளியொன்றைப் பார்த்த மாணவர் பலர் முன்பின் அறியாத திட்டங்களின் ரீட்மீ கோப்புகளில் பொருளற்ற மாற்றங்களைக் குவித்தனர். பராமரிப்பாளர்கள் கொதித்தனர், நடத்திய டிஜிட்டல்ஓஷன் மாதத் தொடக்கத்திலேயே, இசைவு தந்த களஞ்சியங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்றியது. அந்தச் சினம் நியாயமானது. ஆனால் அதைக் காட்டிப் பாடநிரலின் மெய்யான பிழையைத் திருத்திய ஒருத்தியை எள்ளுவது சோம்பல். பதினொரு வரிகளைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நம் ஏட்டுச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம்விடும் வழக்கமில்லை. மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒவ்வொரு சொல்லெல்லையையும் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதை நாம் பதிப்புப்பணி என்று போற்றுகிறோம். பிடிஎஃப் பாடக்குறிப்பிலிருந்து நிரலை ஒட்டும்போது உடன் வந்துவிடும் பிரியா இடைவெளியைக் கண்டுபிடித்து நீக்குவதை மட்டும் எடுபிடி வேலை என்போமா? கண்ணுக்கு அது சாதாரண இடைவெளி. பைத்தானுக்கோ செல்லாத எழுத்து.

மறுபக்கத்தையும் கடிந்தாக வேண்டும். தானியங்கி ஒழுங்குபடுத்தியை ஏவி முழுக் களஞ்சியத்தையும் பெருக்கித் தள்ளுவோர் பதிப்பாசிரியர் ஆகார். பாடநிரலில் இரு செயற்கூறுகளுக்கு இடையிலுள்ள வெற்றுவரியில் நான்கு இடைவெளிகள் கிடக்கின்றன என்று வையுங்கள். கோப்பாக இயக்கினால் அவற்றுக்கு எப்பயனும் இல்லை. ஆனால் பைத்தானின் பழைய ஊடாடு முனையத்தில் முற்றிலும் வெறுமையான வரி இனக்குழுவையே முடித்துவைக்கும். அடுத்த செயற்கூறு உள்தள்ளல் பிழையாகிவிடும். முனையத்தில் ஒட்டிப் பார்க்கும் மாணவர்களுக்காக ஓர் ஆசிரியர் அந்த நான்கையும் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். குப்பை என்று கூட்டும் முன் அது ஏன் அங்கிருக்கிறது என்று கேட்பதே பாடபேத ஆய்வின் முதற்பாடம்.

மதிப்பிடுவோருக்கும் ஒன்று. வெற்றிட வேறுபாட்டைப் புறக்கணிக்கும் தெரிவோடு கிட் டிஃப் கட்டளையை இயக்கி, 'ஒன்றுமே மாறவில்லை' என்று கைகழுவாதீர்கள். உள்தள்ளலே இலக்கணமான மொழியில், இனக்குழுவிலிருந்து ஒரு செயற்கூறு வெளியே விழுந்தாலும் அக்கட்டளை வாய்திறக்காது. நிரலை இயக்கித்தான் பார்க்க வேண்டும். திருத்துவோரும் இடைவெளி மாற்றத்தைப் பிற மாற்றங்களோடு கலக்காமல், தனிக் கமிட்டாக, காரணத்தோடு அனுப்ப வேண்டும். அவள் அப்படித்தான் அனுப்பியிருந்தாள்.

அந்தப் புல் ரிக்வெஸ்ட் இன்னும் மூடியே கிடக்கிறது. அடுத்த பருவத்து மாணவர்களுக்கும் அதே கோப்புதான் வழங்கப்படவிருக்கிறது.