மலையில் மலசலகூடம் கேட்பது சலுகையல்ல

கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் எமது சகோதரிகளுக்கு வார்ட்டில் இரண்டு விடயங்கள் சொல்லப்படுகின்றன: தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் கொழுந்து மலையில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது?

இத்தகைய சத்திரசிகிச்சையின்போது சிறுநீர்ப்பைக்குள் குழாய் போடுவது வழக்கம். அதன் வழியே கிருமி உள்ளே செல்லக்கூடும். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடும். ஆகவே, "குழாயை எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். சிறுநீர் சேரும் பையைத் தரையில் படாமல், இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும். குழாயை எடுத்தபின் சிறுநீர் போகாவிட்டாலோ, மிச்சம் இருப்பதுபோல் தோன்றினாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள். தேங்கும் சிறுநீரில்தான் கிருமி பெருகும்.

வீட்டில், வைத்தியர் குறைக்கச் சொல்லாவிட்டால், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மருந்தை விடக்கூடாது. சலக்கடுப்பு, அடிக்கடி சிறுநீர் முட்டுதல், அடிவயிற்று வலி கண்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். காய்ச்சலும் நடுக்கமும் முதுகு வலியும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பக்கத்து லயத்தில் மிஞ்சிய மாத்திரையை விழுங்காதீர்கள். வைத்தியர் தந்ததைச் சொன்ன நாள்வரை முழுமையாக எடுங்கள். தண்ணீர்க்குடமும் விறகும் சில வாரங்களுக்கு வீட்டு ஆண்களின் பொறுப்பாகட்டும்.

இத்தனையும் செய்து தேறியவர் மலைக்குத் திரும்பும்போது என்ன நடக்கிறது? ஒதுங்க இடமில்லை. தேயிலைச் செடி மறைவைத் தேடினால் அட்டை, பாம்பு, வெட்கம். நேரம் போனால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப் பேர். எனவே பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள், சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். வார்ட்டில் சொன்னதற்கு நேர்மாறானதை வேலைத்தளம் செய்ய வைக்கிறது. இது தனிப்பட்ட பெண்ணின் அசட்டையல்ல, தொழில் நிலைமை. எனவே சங்கத்தின் விடயம்.

நாம் கேட்பவை மூன்று. கொழுந்து மலைக்கு எட்டிய தூரத்தில் தண்ணீர் வசதியுள்ள மலசலகூடமும் குடிநீரும் வேண்டும். வைத்தியர் எழுதித்தந்த ஓய்வு முழுமையாகக் கிடைக்க வேண்டும். திரும்பி வருபவருக்குப் பாரம் தூக்காத இலகு வேலை, பேர் குறையாமல் வழங்கப்பட வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரே, இதைப் பேச வெட்கப்பட வேண்டாம். மாதர் தலைவிமாரை முன்னிருத்தி, நிர்வாகத்துடனான அடுத்த பேச்சுவார்த்தையில் இக்கோரிக்கைகளை எழுத்தில் கொடுப்போம்.